பக்கத்து ஆளுக்கு எங்கே வலிக்கிறது

எங்கள் பனியன் கம்பெனியில் அப்போது அறுபத்து நாலு பேர் வேலை செய்தோம். அறுபத்து நாலு பேருக்கும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு நோவும் கிடையாது என்று எழுதிய தாள்கள், ஒரு கட்டாகக் கோயமுத்தூர் வரை போய்த் திரும்பி வந்தன. அந்தக் கட்டில் முதல் பொய் என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற அறுபத்து மூன்று பேரும் என்னைவிட அழகாகப் பொய் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் சாரதாமணி. எழுபத்து நாலாம் வருஷம் எனக்குப் பதினெட்டு வயது. திருப்பூரில் கிட்டுசாமி முதலாளியின் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வருகிற பனியனில் அங்கங்கே தொங்கும் நூல்முனைகளைக் கத்தரியால் நறுக்கித் தள்ள வேண்டும், அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கு இது பூத்தொடுப்பது போலத் தோன்றும். எட்டு மணிக்குக் காலை மடக்கிக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். மத்தியானத்துக்குள் வலது தோளில் யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். சாயங்காலம் தலை பின்னக் கை மேலே போகாது.

கம்பெனிக்குப் பின்னால் அரை ஏக்கர் காலி நிலம் இருந்தது. சலவையிலிருந்து வரும் ஈரத்துணியைக் காலையில் அங்கே விரித்துக் காயப்போடுவார்கள். ஒரு மணிக்கெல்லாம் துணி காய்ந்து உள்ளே போய்விடும். அந்த வருஷம் ஊர் முழுக்கக் கரண்ட் கட். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எங்கள் பக்கம் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் தைத்த துணி வராது. துணி வராவிட்டால் எங்கள் கத்தரிக்கும் வேலை இல்லை. பெரியவர்கள் சுவரோரம் சாய்ந்து கண்ணயர்வார்கள். நாங்கள் சின்ன வயசுக்காரர்கள் பின்னால் ஓடுவோம்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் வளையப்பந்து ஆடியவள். குறுக்கே கட்டிய வலைக்கு மேலே வளையத்தை எறிய வேண்டும், எதிராளி அதை ஒற்றைக் கையால் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பும் போனது, ஆட்டமும் போனது. கட்டிங் மேஜையில் வேலை செய்யும் வேலுமணி, என்னைவிட ஒரு வயது மூத்தவர், பழைய சைக்கிள் டியூபை ஒன்றேகால் முழம் வெட்டி, அதற்குள் பனியன் துண்டுகளைத் திணித்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து ஒரு வளையம் செய்து கொண்டுவந்தார். அதை முதல் தடவை கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன், ஆனால் வந்தது உண்மை. வீட்டில் ஓட முடியாது, தெருவில் ஓடினால் பேச்சு வரும், கம்பெனிக்குள் நிமிரவே நேரமில்லை. நான் ஓடுவதற்கு இந்த உலகத்தில் அந்த அரை ஏக்கர் மட்டும்தான் இருந்தது.

தை மாதத்தில் ஞானாம்பாள் டீச்சர் வந்தார். கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி நடத்துகிறவர், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பகலெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிற இளம்பிள்ளைகளுக்கு விளையாட்டினால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன நன்மை என்று ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். எங்கள் கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் இருபத்தைந்து வயதுக்குள். பின்னால் ஒரு விளையாட்டும் நடக்கிறது. அவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலாளி அவரைத் தன் அறையில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார். டம்ளர் நிறையக் காப்பி. நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் நின்றோம். முதல் ஆள் நான்.

"உடம்புல எங்கியாச்சும் வலி இருக்குதாம்மா?"

"ஒரு கொறையுமில்லீங்க. நெம்ப நல்லா இருக்கறேனுங்க. நீங்க காப்பி சாப்பிடாம வச்சிருக்கறீங்களே, ஆறிப்போயிருமுங்க."

"தூக்கம்?"

"படுத்தா தூக்கமுங்க."

"மனசு?"

"மனசுக்கு என்னங்க, அது பாட்டுக்கு இருக்குதுங்க."

காப்பி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைக்கக் கையை நீட்டியபோது தோளில் சுரீரென்று இழுத்தது. அதையும் பல்லைக் கடித்துச் சிரித்து மறைத்தேன். எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். வந்தவர் ஒறம்பரை. நம் வாசலேறி வந்த விருந்தாளி, சௌக்கியமா என்று மரியாதையாகக் கேட்கும்போது, கழுத்து பிடித்திருக்கிறது, இடுப்பு கழன்றுவிட்டது என்று புலம்பலாமா? அது அவரை அவமானப்படுத்துவது மாதிரி. போதாததற்கு, கலியாணம் ஆகாத பெண் வலி என்று வாயைத் திறந்தால், அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம் என்று அடுத்த வாரமே காங்கேயம் வரை சேதி போய்விடும்.

எனக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் தெய்வாத்தாள் போனாள். நல்லா இருக்கறேனுங்க. வேலுமணி போனார். நல்லா இருக்கறேனுங்க. துணி மடிக்கும் வள்ளியாத்தா அக்கா, நாற்பது வயது, கால் வீங்கி நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், "ஆண்டவன் புண்ணியத்துல அமோகமா இருக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. முதலாளி, மேஸ்திரி பொங்கியண்ணன், நாங்கள் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தோம்.

"கூட்டிப் பாத்தனுங்க. உங்க கம்பெனியில ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க. ஒரு தலைவலி கூட இல்லை. விளையாடறவங்களுக்கும் ஒண்ணுமில்லை, விளையாடாதவங்களுக்கும் ஒண்ணுமில்லை. இதை வச்சு நான் எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க."

முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா? நாங்க ஆளுங்கள எப்படி வச்சிருக்கறோமுன்னு இப்பத் தெரியுதுங்களா? பொறகால நெலத்துல குடோன் கட்டலாமா, புள்ளைங்க ஆடுதுங்களேன்னு ரோசனை பண்ணீட்டே இருந்தேன். இத்தன நல்லா இருக்கறவங்களுக்கு ஆட்டம் எதுக்குங்க? மேஸ்திரி, நாளைக்கே கல்லு நட்டுரலாம்."

மறுநாள் சொன்னபடியே நட்டுவிட்டார்கள். நாலு கல்தூண்கள், ஆள் உயரம், எங்கள் அரை ஏக்கரின் நட்டநடுவில். கரண்ட் போன இரண்டு மணிக்கு வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், அந்தக் கற்களைப் பார்த்து அப்படியே நின்றேன். எனக்கு முதலில் முதலாளி மேல் கோபம் வந்தது. அப்புறம் டீச்சர் மேல் வந்தது. கடைசியில் அது சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்தது. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய், தோள் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்ன கேடு என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டீச்சர் அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை தாள்களில் முதலாளியிடம் கையெழுத்து வாங்க வந்திருந்தார். கேட் தாண்டுவதற்குள் ஓடிப்போய் மறித்தேன். தெய்வாத்தாள் பயந்துகொண்டே என் பின்னால் வந்தாள்.

"டீச்சருங்க, நானு பொய் சொல்லீட்டனுங்க. எல்லாருந்தான் சொன்னமுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன்? ஒரு மாசம் இதுக்காக அலைஞ்சிருக்கேன். நெசத்தைச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்க அப்படிக் கேட்டா நாங்க வேற எப்படிங்க சொல்றது? காப்பிய முன்னால வச்சுட்டு சௌக்கியமான்னு கேட்டா, சௌக்கியமுன்னுதானுங்க சொல்லோணும்!"

"சரி, இப்பக் கேக்கறேன். காப்பி இல்லை, முதலாளி இல்லை." அவர் தெய்வாத்தாள் பக்கம் திரும்பினார். "உனக்கு எங்கம்மா வலிக்குது?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள் அந்தப் புண்ணியவதி.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். சலித்துப்போய்த்தான் என்னைக் காட்டி அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும். "இவளுக்கு?"

"சாரதாவுக்குங்களா?" தெய்வாத்தாளின் கண் விரிந்தது. "அய்யோ, அத ஏனுங்க கேக்கறீங்க! வலது கை தோளுக்கு மேல வாரதே இல்லீங்க. தலைக்கு நாந்தான் சடை போட்டு உடறேன். ராத்திரி தூக்கமில்லாம உருளறாளாமா, அவங்கம்மா சொல்றாங்க. அதவுட மூணு மணிக்கு மேல எல்லாருத்து மேலயும் எரிஞ்சு உழுவாளுங்க, பக்கத்துல குந்த முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவ மட்டும் என்னங்களாமா! குனிஞ்சு குனிஞ்சு கழுத்து திரும்பறதே இல்லீங்க. ஆராச்சும் கூப்பிட்டா உடம்போட திரும்புவா. கண்ணுல தண்ணி வந்துட்டே இருக்குது, கேட்டா தூசிம்பா. சனிக்கெழமையானா அழுவாளுங்க!"

"நா எப்படீ அழுதேன்!"

"போன சனிக்கெழமை அழுவல?"

நாங்கள் இரண்டு பேரும் நடு ரோட்டில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டு, கேட் கம்பியில் தாளை வைத்து, பென்சிலால் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. எங்கள் ஊரில் யாரும் தன் வலியைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்து ஆளின் வலியை, கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். அதில் பொய் கலக்க மாட்டார்கள், ஏனென்றால் அது அக்கறை.

"இதை நான் கேட்டா மறுபடியும் விருந்தாளி கேக்கற மாதிரிதான் ஆகும்" என்றார் டீச்சர். "நீங்க கேளுங்க. என்ன கேக்கறது, எப்படிக் கேக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒண்ணு மட்டும், சொன்னவங்க பேரையும் எழுத வேண்டாம், வலிக்கறவங்க பேரையும் எழுத வேண்டாம். ஆளுக்கு ஒரு நம்பர் போதும்."

பேர் வேண்டாம் என்றதும் தெய்வாத்தாளுக்குக் கூட தைரியம் வந்துவிட்டது. வேலுமணியையும் சேர்த்துக்கொண்டோம். மூன்று நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். சாப்பாட்டு நேரத்தில் சோற்றுத் தூக்குப்போசியோடு ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தோம். ஒரே கேள்வி: உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு எங்கே நோகிறது?

அம்மாடி! நாலு நாளில் நோட்டு நிறைந்துவிட்டது. அறுபத்து நாலு பேருக்கு நூற்று எண்பத்து ஏழு வலி. கழுத்து, தோள், மணிக்கட்டு, கண் எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை. வள்ளியாத்தா அக்காவின் காலைப் பற்றி மட்டும் பதினோரு பேர் சொன்னார்கள். வேலுமணி தன் நோட்டை மூடிவிட்டு, "ஏனுங்க சாரதாமணி, இத்தன நோவோட நம்ம எப்படிங்க தெனமும் சிரிச்சுட்டு இருக்கறோம்?" என்று கேட்டார்.

டீச்சர் அதை முதலாளி முன்னால் வாசித்தார். முதலாளி ஒவ்வொன்றுக்கும் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"அறுபத்தஞ்சாவது ஆள். முழங்கால் ரெண்டும் வலி. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். எந்திரிக்கும்போது முருகான்னு சொல்வார். சொன்னவங்க ஏழு பேர்."

"இருங்க" என்றார் முதலாளி. "கம்பெனியில அறுபத்து நாலு பேருதானே?"

மேஸ்திரி பொங்கியண்ணன் ஓடாத ஃபேனை ரொம்ப அக்கறையாக நிமிர்ந்து பார்த்தார். முதலாளி எழுந்திருக்கப் போனார். இரண்டு பேர் கை கொடுத்தோம். "முரு..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அது நோட்டில் எழுதாத நூற்று எண்பத்து எட்டாவது வலி.

"செரி, வலி இருக்குதுன்னே வச்சுக்குவோம்" என்றார் கடைசியில். "அதுக்கு ஆட்டம் மருந்துன்னு ஆரு சொன்னது? எனக்கென்னமோ ஆடி ஆடித்தான் நோவு வருதுன்னு படுது. சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டு சர்க்காருக்கு எழுதிப் போட்டிருக்கறேன். அது வர எப்படியும் ரெண்டு மாசம். அதுவரைக்கும் ஆடுங்க. எழுதிக் காட்டுங்க. சிமெண்டு வந்தா கொத்தனாரு வந்துருவாரு, ஆமா."

எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தில் அரை ஏக்கரை நான் ஜெயிக்க வேண்டும்.

நாற்பது பேரை மட்டும் எடுத்து, இருபது பேர் ஆடுவது, இருபது பேர் எப்போதும் போல உட்கார்ந்திருப்பது என்று டீச்சர் பிரித்தார். இரண்டு பக்கமும் வாராவாரம் பக்கத்து ஆளைக் கேட்க வேண்டும். இன்னொரு கணக்கும் எடுக்கலாம் என்று யோசனை சொன்னது தெய்வாத்தாள். கை தவறி ஓட்டை விழுந்த பனியனைப் போட எங்களுக்கு ஆளுக்கொரு கூடை உண்டு. கரண்ட் வந்த பிறகு, நாலு மணியிலிருந்து ஆறு மணிக்குள் அந்தக் கூடையில் எத்தனை விழுகிறது என்று எண்ணினால் போதும். "மொதலாளி வேற எதப் பாக்காட்டியும் அந்தக் கூடையப் பாப்பாருங்க" என்றாள். பூனை மாதிரி இருப்பாள், மூளை அப்படி.

குடோனுக்கு நட்ட கல்தூண் நாலில் இரண்டுக்கு நடுவில் வலையைக் கட்டினோம். வலையா அது? பனியன் ஓரத்துண்டுகளை முடிச்சுப் போட்டு தெய்வாத்தாள் பின்னியது. காற்றடித்தால் வீட்டுக் கொடியில் துணி காய்கிற மாதிரி இருக்கும். வேலுமணி இன்னும் மூன்று வளையம் செய்தார். ஆடுகிற இருபது பேரில் வள்ளியாத்தா அக்காவும் பேர் கொடுத்தது எங்களுக்கே ஆச்சரியம். அவர் ஒவ்வொரு தடவை வளையத்தை எறிவதற்கு முன்பும், "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு, போடறேனுங்க" என்று எதிராளியிடம் சொல்லிவிட்டுத்தான் எறிவார். எதிராளியும் "பரவால்லீங்க, போடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வளையம் தரையில் கிடக்கும். மரியாதையிலேயே அவர் நிறைய பாயிண்ட் எடுத்தார்.

முதல் வாரக் கடைசியில் நோட்டைக் கூட்டினோம்.

ஆட ஆரம்பிப்பதற்கு முன் அந்த இருபது பேருக்கு அறுபத்தொரு வலி. ஒரு வாரம் ஆடிய பிறகு எழுபத்து நாலு. தொடை வலி, கெண்டைக்கால் வலி, விரல் வீக்கம் என்று புதிதாகப் பதிமூன்று சேர்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலாளி சொன்னது அப்படியே பலித்த மாதிரி இருந்தது.

"மொத வாரத்த உட்டர்லாமுங்க" என்றார் வேலுமணி, என் முகத்தைப் பார்க்காமல். "பழகாத ஒடம்பு, அப்படித்தான் நோகும். ரெண்டாவது வாரத்துல இருந்து எழுதுனதா இருக்கட்டும். ஆருக்குத் தெரியப் போவுது?"

டீச்சர் கோயமுத்தூரில் இருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்தால் கேட்க நாதியில்லை. நான் கிழிக்கத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். தாளின் மூலையை விரலால் பிடித்தும் விட்டேன். அப்போது எதிரே அந்தக் கல்தூண்கள் நின்றன. நல்லா இருக்கறேனுங்க என்று நான் சொன்ன ஒற்றைப் பொய்க்கு வந்து நின்ற கற்கள் அவை. இன்னொன்று சொன்னால் இன்னும் எத்தனை கல் வருமோ?

"வலிச்சுதா இல்லையா?" என்று கத்தினேன்.

"வலிச்சுதுங்க" என்றார் வேலுமணி.

"அப்ப எழுதுங்க. எழுபத்து நாலு. பெருசா எழுதுங்க!"

பெரிதாகவே எழுதினார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் கையாலேயே நம் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் வாரம் அறுபத்தெட்டு. மூன்றாம் வாரம் ஐம்பத்து நாலு. நாலாம் வாரம் ஒரு நாள் காலையில் தெய்வாத்தாள் என் சடையைப் பின்ன உட்கார்ந்தவள், "நீயே போட்டுட்டியா?" என்றாள். ஆமாம், நானே போட்டிருந்தேன். எப்போது போட்டேன், எப்படிக் கை மேலே போனது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் என்னைப் பார்க்கக் கழுத்தை மட்டும் திருப்பியிருந்தாள். உடம்பு திரும்பவில்லை! "ஏ தெய்வா, கழுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் மேஸ்திரி ஓடி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கரண்ட் எப்போது போகும் என்று காத்திருந்த கம்பெனி திருப்பூரிலேயே எங்களுடையது ஒன்றுதான். இரண்டு மணிக்கு மெஷின் நின்றால் உள்ளே ஒரு ஆரவாரம் எழும். பக்கத்துக் கம்பெனிப் பிள்ளைகள் மதில் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறாம் வாரம் உட்கார்ந்திருக்கிற இருபது பேர் எங்களிடம் சண்டைக்கு வந்தார்கள், "நாங்க மட்டும் எதுக்குங்க குந்தீட்டே இருக்கோணும்?" என்று. ஆராய்ச்சி முடியட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தோம்.

எட்டாம் வாரம் சனிக்கிழமை காலையில் சிமெண்ட் பர்மிட் வந்துவிட்டது. மத்தியானமே கொத்தனார் நூல்கயிறும் மட்டப்பலகையுமாக வந்து, எங்கள் வலையைப் பார்த்து, இதை யார் கழற்றுவது என்று கேட்டார். அதே நேரத்தில் டீச்சர் பஸ்ஸில் இருந்து இறங்கினார். கையில், நாங்கள் வாராவாரம் எழுதி அனுப்பிய கணக்கை டைப் அடித்த தாள்கள். மேலே 'ஆராய்ச்சி செய்தவர்கள்' என்று போட்டு நாலு பேர்: ஞானாம்பாள், சாரதாமணி, தெய்வாத்தாள், வேலுமணி. நாலும் ஒரே அளவு எழுத்தில். தெய்வாத்தாள் தன் பேரை விரலால் தடவிப் பார்த்தாள்.

முதலாளி அறையில் இடம் போதாமல் எல்லோரும் காயப்போடும் நிலத்துக்கே வந்துவிட்டோம். முதலாளிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். "நீயே வாசி" என்று டீச்சர் தாளை என் கையில் கொடுத்தார். வாசித்தேன். ஆடியவர்களுக்கு ஆரம்பத்தில் அறுபத்தொரு வலி, இப்போது இருபத்து மூன்று. ஆடாதவர்களுக்கு ஐம்பத்தெட்டு, இப்போது ஐம்பத்தேழு. ஆடியவர்கள் கூடையில் முன்பு வாரத்துக்கு முப்பத்தொரு ஓட்டைப் பனியன் விழுந்தது, இப்போது பன்னிரண்டு. ஆடாதவர்கள் கூடையில் முப்பது, இப்போது இருபத்தொன்பது. ஆடியவர்களில் சனிக்கிழமை அழுகிறவர்கள் முன்பு ஆறு பேர், இப்போது யாரும் இல்லை.

முதலாளி அந்தத் தாளை ஒதுக்கினார். "அந்த நோட்டக் கொண்டா" என்றார். டைப் அடித்ததை நம்புகிற ஆள் இல்லை அவர். எங்கள் நாற்பது பக்க நோட்டை வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதென்ன, எழுபத்து நாலு? ஆட ஆரம்பிச்ச மொத வாரம் வலி ஜாஸ்தியாயிருக்குது?"

"ஆமாங்க."

"நாஞ் சொன்னது செரியாத்தானே இருந்திருக்குது?"

"அந்த வாரம் செரிதானுங்க."

"இத எதுக்குக் கண்ணு எழுதுனே? கிழிச்சுப் போட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"வலிச்சுதுங்க. எழுதுனமுங்க."

கொத்தனார் தொண்டையைச் செருமினார்.

"நானா இருந்தா உட்டிருப்பேன்" என்றார் முதலாளி. நோட்டை மூடினார். "தனக்கு ஆவாத வாரத்த இத்தன பெருசா எழுதி வச்சவங்க, மத்த ஏழு வாரத்த மாத்தி எழுதியிருக்க மாட்டாங்க. மேஸ்திரி!"

"சொல்லுங்க மொதலாளி."

"கொத்தனாரத் தெருப்பக்கம் கூட்டீட்டுப் போ. கார்க் கொட்டாயப் பிரிச்சுட்டுக் குடோன அங்க கட்டட்டும். என்ர காரு வெய்யில்ல நின்னா கரைஞ்சா போயிரும்?"

மேஸ்திரி நம்பாமல் நின்றார். "அப்ப இந்தக் கல்லுங்க?"

"இருக்கட்டும். வலை கட்டிருக்கறாங்களே, கண்ணு தெரியல உனக்கு?"

அப்புறம் எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மதில் மேல் இருந்த பக்கத்துக் கம்பெனிப் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் கத்தினார்கள். வேலுமணி நாலு வளையத்தையும் ஒரே நேரத்தில் ஆகாசத்தில் எறிந்தார். வள்ளியாத்தா அக்கா சுவரைப் பிடிக்காமல் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேன். இந்தத் தடவை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், பழக்கத்தில் என் வாயில் அதுதான் வந்தது. "மொதலாளி, சௌக்கியமுங்களா?"

அவரும் பழக்கத்தில், "எனக்கென்ன கண்ணு, நல்லா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அறுபத்து நாலு பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"இல்ல கண்ணு" என்றார். "ரெண்டு முழங்காலும் நோகுது. எட்டு வருசமாச்சு. ஆருகிட்டயும் சொன்னதில்ல."

இரண்டு பேர் கை கொடுக்க எழுந்தார். "முருகா" என்று முழுசாகச் சொன்னார். மெதுவாக நடந்து வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கையை நீட்டினார். நான் வளையத்தை அவருக்குத் தோதாக, மெல்லப் போட்டேன். நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கையில புடிக்கக் கூடாதுங்க!" என்று கத்தினேன். "ஃபவுலுங்க! எங்களுக்குப் பாயிண்டுங்க!"

அன்று சாயங்காலம் நோட்டை முடித்து டீச்சரிடம் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். அறுபத்தைந்தாவது ஆள், முழங்கால் இரண்டும். சொன்னது யார் என்ற இடத்தில் இதுவரை எல்லா வரியிலும் 'பக்கத்து ஆள்' என்றே இருந்தது. இந்த ஒரு வரியில் மட்டும் 'அவரே' என்று எழுதினேன்.